பாதாள லிங்கம்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் ஆலயத்தில், விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஆயிரக்கால் மண்டபத்துக்கு அடியில், படியிறங்கிச் சென்று வழிபடுமாறு அமைந்த சிவலிங்க நிலவறை. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூரை அடைந்த வேங்கடராமன் என்னும் பதினாறு பிராயத்துப் பாலகர், பிற்காலத்தே ரமண மகரிஷி என்று உலகம் போற்றியவர், அம்மண்டபத்தில் மௌனமாய் வீற்றிருக்கையில் சிறுவர்கள் கல்லெறிந்து உபத்திரவம் செய்யவே, பகலிலும் இருள் நீங்காத இவ்வறையுள் புகுந்து சமாதியில் ஆழ்ந்தார். எறும்பும் பூச்சியும் அவர் தொடைகளை அரித்துச் சீழும் குருதியும் கசியச் செய்தும் அவர் அதனை உணர்ந்தாரில்லை. சேஷாத்ரி சுவாமிகள் என்னும் துறவி காவலாய் நின்றார். பின்னர் அன்பர் சிலர் அவரைத் தூக்கி வெளியே கொணர்ந்தனர்.

நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த இவ்விடம் ஜீர்ணோத்தாரணம் செய்யப்பெற்று, 1949இல், அந்நாளைய கவர்னர் ஜெனரல் ராஜாஜியால் திறந்துவைக்கப்பட்டது.

இதுபோன்ற நிலவறைகள் பாழாகாமல் பேணுவதில் பரம சத்துரு ஈரம். மேலைநாட்டுப் பழைய இல்லங்களில், காற்றும் வெளிச்சமும் வேண்டி, தரைமட்டத்தை ஒட்டி வார்ப்பிரும்புச் சாளரங்கள் பதிப்பது வழக்கம். துருவைச் சுரண்டி வர்ணம் பூசி அவற்றையே பேணுவர். கருங்கற் கட்டிடத்திலோ இரும்பைச் செருகுவது அபாயகரமானது. ஏனெனில், துருவேறிய இரும்பு பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும் சிமெண்டுப் பூச்சும் உசிதமன்று. இத்தகைய அறைகளுக்குச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது.