அன்டெனாவுக்கு முன்னால் ஒரு ஃபில்டர்

பொதுமக்கள் பேசும் இருவழி ரேடியோவான சிபிக்கும் அதன் அன்டெனாவுக்கும் நடுவே ஃபில்டர் வைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது தொலைக்காட்சி. 27 மெகாஹெர்ட்ஸில் பேசும் கருவி 54, 81, 108 என்று அதன் மடங்குகளிலும் கொஞ்சம் அலையைச் சிந்துகிறது. அமெரிக்காவின் இரண்டாம் தொலைக்காட்சிச் சேனல் சரியாக 54 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. பக்கத்து வீட்டு டிவியில் கோடு விழுந்து சண்டை வந்தபோது, அந்த மடங்குகளை மட்டும் தடுத்து நிறுத்தும் ஒரு சிறிய உலோகப் பெட்டி தேவைப்பட்டது.

பெட்டிக்குள் இருக்கும் சுற்று அதைவிட வயதானது. ஒரே தொலைபேசிக் கம்பியில் பல உரையாடல்களை வெவ்வேறு அதிர்வெண்களில் அனுப்பும் முயற்சியில், 1915ல் அமெரிக்காவின் ஜார்ஜ் கேம்பல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னரும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே வழியைக் கண்டிருந்தார். காயில்களையும் கண்டென்சர்களையும் மாற்றி மாற்றி அடுக்கினால் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழுள்ள அதிர்வெண்கள் கடந்துபோகும்; மேலுள்ளவை திரும்பிவிடும்.

இந்த எளிய அடுக்கில் ஒரு குறை இருந்தது. அதன் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக நிற்பதில்லை. 50 ஓமுக்கென்று கணக்கிட்டு, 40 மெகாஹெர்ட்ஸை எல்லையாக வைத்துக் காயிலில் தொடங்கிக் காயிலில் முடியும்படி செய்த ஃபில்டர், 27 மெகாஹெர்ட்ஸில் சுமார் 37 ஓமாகத் தெரியும். எல்லையை நெருங்க நெருங்க இன்னும் சரியும். 1923ல் ஓட்டோ ஸோபெல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி சொன்னது. அடுக்கின் இரு முனைகளிலும் வேறு விகிதத்தில் அமைந்த அரைப் பகுதிகளைச் சேர்த்தால், எல்லைக்குக் கொஞ்சம் கீழே வரையிலும் மின்மறுப்பு அசையாமல் நிற்கும். ஆக, ஃபில்டர் என்ற பொருள் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே பொருத்தம் அதன் மையக் கேள்வியாகிவிட்டது. பிற்காலத்தில் ரேடியோக்காரர்கள் கடையில் வாங்கிய பெட்டிகள் பலவற்றுக்குள் இருந்தது இந்தக் கணக்குத்தான்.

இலங்கையில் கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியபோது மடங்கு அலைத் தொல்லைக்கு இடமே இருக்கவில்லை. மடங்கு அலை போய் விழுவதற்கு அங்கே டிவி கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் டிவி பரவியதும் முதலில் ஏச்சு வாங்கியவர்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள். அவர்களிடமிருந்த 11 மீட்டர் (27 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையை எடுத்து, 1958ல் அமெரிக்க அரசு சிபிக்குக் கொடுத்தது. 1973ன் எண்ணெய் நெருக்கடியில் லாரி ஓட்டுநர்கள் அதைத் தூக்கிப்பிடித்தார்கள். 1977 ஜனவரியில் 23 சேனல்கள் 40 ஆயின. அனுமதிக்கப்பட்ட ஆற்றல் 4 வாட்தான். ஆனால் பலர் அதற்குமேல் ஆம்ப்ளிஃபையர் மாட்டினார்கள். அந்த ஆம்ப்ளிஃபையர்களே மடங்கு அலைகளின் பெரிய ஊற்று.

ஃபில்டர் மாட்டியதும் மீட்டர் முள் நகர்ந்தது. குழப்பம் அங்கே பிறந்தது. 1956ல் லூயிஸ் மெக்காய் 'க்யூஎஸ்டி' என்ற அமெச்சூர் வானொலி இதழில் வெளியிட்ட எளிய அளவுமானியும் அதன் வழிவந்தவையும், அன்டெனாவின் பொருத்தமின்மையைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவைச் சாதாரண ஆளின் மேசைக்குக் கொண்டுவந்திருந்தன. ஃபில்டர் இல்லாதபோது 1.5 காட்டிய முள், மாட்டியபின் 1.9 காட்டினால் அன்டெனா கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, கம்பியை வெட்டத் தொடங்கியவர்கள் உண்டு.

வெட்டவேண்டிய தேவை இல்லை. அன்டெனாவின் பொருத்தம் அதன் நீளம், அடிப்பகுதி, தரை, சுற்றியுள்ள உலோகம் ஆகியவற்றால் அமைவது. கேபிளின் மறுமுனையில் மாட்டும் பெட்டி அதைத் தொடாது. மாறுவது ரேடியோவின் கண்ணுக்குத் தெரியும் சுமை. வண்டியில் நிறுத்திய கால் அலை அன்டெனாவை எடுத்துக்கொள்ளலாம். நீளம் சுமார் 2.7 மீட்டர், நல்ல தரை கிடைத்தால் அதன் மின்மறுப்பு 36 ஓம் அளவில் நிற்கும். 50 ஓம் கேபிளில் அது 1.4 என்ற எஸ்டபிள்யூஆர். இப்படிப் பொருந்தாத சுமைக்கு முன்னால் ஃபில்டரை வைப்பது, கேபிளை இன்னும் சில அடி நீட்டுவதைப் போன்ற விளைவைத் தரும்: ரேடியோ பார்க்கும் மின்மறுப்பு இடம் மாறும். ஃபில்டரின் சொந்தப் பிசகும் அதோடு சேர்ந்தால் முள் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். அன்டெனா உண்மையிலேயே 50 ஓமாக இருந்து, ஃபில்டரும் 50 ஓமுக்கே செய்யப்பட்டிருந்தால் முள் கிட்டத்தட்ட அசையாது.

இன்னொரு காரணம் அடிக்கடி மறக்கப்படுகிறது. ஃபில்டர் தடுக்கும் மடங்கு அலைகள் பெரும்பாலும் ரேடியோ பக்கமே திரும்பிவருகின்றன. மீட்டர் ரேடியோவுக்கும் ஃபில்டருக்கும் நடுவே இருந்தால், அந்தத் திரும்பும் ஆற்றலையும் அன்டெனாவின் குற்றமாகக் கணக்கில் சேர்த்துவிடும். அதே மீட்டரை ஃபில்டருக்கு அப்பால் வைத்தால் 27 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே அதைக் கடக்கும், அளவு நம்பத்தக்கதாகும். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அது, பிறகு ஃபில்டர், மீட்டர், பொருத்தும் பெட்டி (ட்யூனர்), கடைசியில் அன்டெனா என்று கைநூல்கள் வற்புறுத்திய வரிசையின் நியாயம் இதுவே. பொருத்தும் பெட்டிக்கு அப்பால் மின்மறுப்பு எந்த அளவிலும் இருக்கலாம். 50 ஓமுக்குப் பிறந்த ஃபில்டர் அங்கே தன் வேலையைச் சரியாகச் செய்யாது, அதிக ஆற்றலில் சூடேறிக் கெடவும் கூடும்.

இலங்கைக்கு டிவி 1979ல் வந்தது. 1982 பெப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது. நாட்டின் மிக உயர்ந்த இடமான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில், ஒளிபரப்புக் கோபுரம் நின்றது. ஆனாலும் மலைக்குப் பக்கத்தில் இருப்பது நல்ல படத்துக்கு உத்தரவாதம் ஆகவில்லை. இறம்பொடைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளைப் போல முகடுகள் குறுக்கிடும் இடங்களில் அலை மெலிந்தே இறங்கும். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் கூரைக்கு மேலே நீண்ட கம்பத்தில் அன்டெனாவும், மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பேட்டரியில் ஓடும் டிவியும், மெலிந்த அலையைத் தூக்கிவிட ஒரு பூஸ்டரும் மலையகத்தின் ஒரு தலைமுறைக்குப் பழகிய காட்சி. இத்தகைய இடத்தில்தான் ஃபில்டரின் பக்கம் மாறுகிறது. பூஸ்டர் எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்துப் பெருக்கும். அருகே ஒரு 27 அல்லது 28 மெகாஹெர்ட்ஸ் கருவி பேசினால், அது எவ்வளவு சுத்தமானதாயினும் பூஸ்டர் திணறி, மடங்குகளைத் தனக்குள்ளேயே உண்டாக்கிவிடக்கூடும். அப்போது பேசுபவர் எத்தனை ஃபில்டர் மாட்டினாலும் படம் தெளியாது. கீழ் அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபில்டரைப் பூஸ்டருக்கு முன்னால் வைக்கவேண்டும். அமெரிக்க அண்டைவீட்டுச் சண்டைகளில் கணிசமானவை இந்த வகையாகவே முடிந்தன.

இலங்கையில் இருவழி ரேடியோ வைத்திருக்க உரிமம் வேண்டும். அதனால் சிபி அங்கே அமெரிக்காவைப்போல வெகுசனப் பழக்கம் ஆகவில்லை; 28 மெகாஹெர்ட்ஸில் பேசும் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்களே இந்தப் பாடத்தின் நெருங்கிய வாரிசுகள். அண்டை நாடான இந்தியாவோ 2005ல் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்கு உரிமத் தேவையை நீக்கியது.

2009ல் அமெரிக்க டிவி டிஜிட்டலுக்கு மாறியபோது, பெரும்பாலான நிலையங்கள் கீழ்ச் சேனல்களை விட்டு மேலே போயின. மலையகக் கூரைகளில் டிஷ் ஏறிவிட்டது. ஆனால் 27.2 மெகாஹெர்ட்ஸின் நான்காம் மடங்கு 108.8. விமானங்கள் வழியறியும் அலைவரிசை 108ல் தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபையர் மாட்டியவருக்கு ஃபில்டர் இன்றைக்கும் கட்டாயத் தேவை.