நச்சுமணிகளின் பயணமும் வெளியேற்றமும்: கொல்லி டி செல்லில் எது தீர்மானிக்கிறது?

வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லி டி செல் அழிக்கும் விதத்தைப் பாடநூல்கள் ஒரு பயணமாகவே விவரிக்கின்றன. இலக்குச் செல்லைத் தொட்டதும் தொடுபரப்பின் நடுவிலிருந்து ஆக்டின் இழைகள் விலகுகின்றன. நுண்குழல்களின் மையமான சென்ட்ரோசோம் முன்னே நகர்ந்து அங்கு வந்து நிற்கிறது. டைனீன் என்ற இயக்கப் புரதம் இழுக்க, பெர்ஃபோரினும் கிரான்சைம்களும் நிரம்பிய நச்சுமணிகள் நுண்குழல்கள் வழியே அதைச் சுற்றித் திரள்கின்றன. சென்ட்ரோசோம் சவ்வையே தொட்டு நிற்பதை 2006இல் ஸ்டிஞ்ச்கோம், கிரிஃபித்ஸ் குழுவினர் காட்டிய பின் இந்தச் சித்திரம் மேலும் உறுதிப்பட்டது. ஆனால் கொலையின் துல்லியம் பயணத்தில் இல்லை என்பதே என் வாதம். எங்கே, எப்போது நச்சைக் கொட்டுவது என்பதைச் சவ்வின் அருகே நடப்பவைதான் தீர்மானிக்கின்றன.

பிறவி நோய்களிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் வகை கிரிசெல்லி நோயில் ரேப்27ஏ என்ற புரதம் பழுதாகிறது. மணிகள் சென்ட்ரோசோம் வரை வருகின்றன, சவ்வில் அணைவதில்லை. (நிறமிமணிகளுக்கும் இதே புரதம் வேண்டியிருப்பதால் இக்குழந்தைகளின் முடி வெள்ளிபோல் மின்னும், பலருக்கு நோயைக் காட்டிக்கொடுப்பதே அதுதான்.) ஆயினும் இச்சான்றை நான் அதிகம் நம்பவில்லை. ரேப்27ஏ, கைனசின் என்ற இன்னொரு இயக்கப் புரதத்தோடு சேர்ந்து கடைசிக்கட்டப் போக்குவரத்திலும் பங்கெடுக்கிறது என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. பழுது பயணத்திலா, அணைவதிலா என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது.

மன்க்13-4 என்ற புரதம் பழுதான நோயாளிகளின் செல்களில் அந்தக் குழப்பம் இல்லை. 2003இல் ஃபெல்ட்மன் குழுவினர் கண்டபடி, மணிகள் சவ்வை ஒட்டி அணைந்தே கிடக்கின்றன. சவ்வோடு கலப்பது மட்டும் நடப்பதில்லை. பயணம் முழுதாக முடிந்தும் இலக்குச் செல் பிழைத்துக்கொள்கிறது.

வண்டி வராமல் சரக்கு இறங்குமா என்று கேட்கலாம். இறங்குகிறது. சென்ட்ரோசோம் திரும்புவதற்கு முன்பே முதல் வெளியேற்றம் நிகழ்வதை 2013இல் வலிதுத்தி குழுவினர் பதிவுசெய்தனர். 2020இல் ஹியூஸ் ஆய்வகம் எலியின் கொல்லி டி செல்களிலிருந்து சென்ட்ரோசோமின் மையப்பகுதியான சென்ட்ரியோல்களையே நீக்கிப் பார்த்தது. கொல்லும் திறன் குறைந்தது. ஆனால் நச்சு இலக்கை நோக்கியே வெளியேறியது. திறன் குறைந்ததற்கும், மணிகள் சரிவர உருவாகாதது ஒரு காரணம். வெளியேற்றம் நிற்பதும் சவ்வருகே நடப்பதுதான்: நடுப்பகுதியில் ஆக்டின் மீண்டும் அடர்ந்ததும் மணிகள் வெளிவருவது ஓய்கிறது.

மருத்துவமனைச் சோதனையும் இந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறது. சிடி107ஏ என்ற புரதம் மணியின் சுவரில் இருப்பது. மணி சவ்வோடு கலந்தால் செல்லின் வெளிப்பரப்பில் தென்படும். மன்க்13-4, ரேப்27ஏ பழுதானவர்களிடம் அது குறைந்தே காணப்படும். பெர்ஃபோரின் மட்டும் இல்லாத குழந்தையிடம் இயல்பாகவே இருக்கும். அங்கே மணிகள் தவறாமல் வெளியேறுகின்றன, இலக்கின் சவ்வைத் துளைக்கத்தான் உள்ளே எதுவும் இல்லை.