நிலம் யார் பெயரில்? கெடாவில் கூட்டு வேளாண்மையும் தனி வேளாண்மையும்

கெடா மாநிலத்தைப் பற்றி எழுதப் புகுவோர் கடாரம் கொண்ட சோழனிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பூஜாங் பள்ளத்தாக்கின் சிதைவுகள் அவ்வழக்கிற்கு இடந்தருவன. ஆயின், அம்மாநிலத்தில் இன்று வாழும் தமிழருள் மிகப் பெரும்பாலோரின் வரலாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடழித்து எழுப்பிய ரப்பர்த் தோட்டங்களில்தான் தொடங்குகிறது. 1909ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரிடம் வந்தது. அதன்பின் அங்கே தோட்டங்கள் விரைந்து பெருகின.

கெடா இருவகை நிலங்கொண்ட மாநிலம். வடமேற்கே அலோர் ஸ்டாரைச் சூழ்ந்து கடற்கரைவரை பரந்து கிடப்பது மூடா நெற்சமவெளி. தெற்கே சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் ஆகிய ஊர்களைச் சுற்றியும் கிழக்கே பாலிங், சிக் பகுதிகளிலும் நிலம் மேடும் குன்றுமாக ரப்பருக்கு ஏற்றதாய் அமைந்துள்ளது. சமவெளியில் மலாய் உழவர்கள் குடும்பம் குடும்பமாகத் தத்தம் வயலைப் பயிரிட்டனர். மேட்டு நிலத்தில் ஒருபுறம் ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட கம்பெனித் தோட்டங்கள். மறுபுறம் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் அளவிலான சிறுதோட்டங்கள். தனித்து உழுவதா, கூடி உழுவதா என்னும் கேள்வி இங்கே வேளாண் அறிஞர்களின் ஏட்டுக் கேள்வியாக மட்டும் நின்றுவிடவில்லை. அரசு தந்த உதவி எவர் கைக்குச் சென்றது என்பதைத் தொடர்ந்து நோக்கினால், அக்கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பது புலப்படும்.

ரப்பர் மரம் ஓர் உழவனிடம் கேட்பது பொறுமை. நட்ட கன்று பால் வெட்டும் பருவத்தை எட்ட ஆறு அல்லது ஏழு ஆண்டுகள் ஆகும். முப்பது ஆண்டுகளுக்குமேல் வெட்டிய மரம் பால் வற்றிப்போகும். அதை வீழ்த்திப் புதுக்கன்று நடவேண்டும். ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் கம்பெனி ஆண்டுதோறும் ஒரு பகுதியை மறுநடவு செய்துகொண்டு, எஞ்சிய பகுதியின் வருவாயில் வாழ இயலும். மூன்று ஏக்கர்க்காரன் என் செய்வான்? மரத்தை வீழ்த்திய நாள்முதல் ஏழாண்டுகள் அடுப்பெரிய வழியில்லை. ஆதலால் கிழட்டு மரத்தையே மேலும் மேலும் கீறிக்கொண்டிருந்தான். பழைய விதைமரங்கள் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 400 அல்லது 500 ராத்தல் தந்த காலத்தில், ஆய்வுக்கழகத்தின் உயர்விளைவு ஒட்டுமரங்கள் 1,000 ராத்தலுக்குமேல் தந்தன. தோட்டத்திற்கும் சிறுதோட்டத்திற்கும் இடையே இருந்த விளைச்சல் வேறுபாட்டிற்கு உழவனின் சோம்பலைக் காரணமாகக் கூறியவர் பலர். அது நேர்மையான கூற்றன்று.

அரசே இவ்வேறுபாட்டை வளர்த்தது என்பதும் மறைப்பதற்குரியதன்று. 1922இல் வந்த ஸ்டீவன்சன் திட்டமும், 1934இல் வந்த அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தமும் விலையை நிமிர்த்துவதற்காக உற்பத்தியைக் குறைத்தன. பின்னதின்படி புதுநடவு ஏறத்தாழ முற்றிலும் தடை செய்யப்பட்டது. சிறுதோட்டங்களின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டு, அவற்றிற்குரிய ஏற்றுமதிப் பங்கும் குறைக்கப்பட்டதெனப் பொருளியலறிஞர் பீட்டர் பௌவர் பின்னர் எடுத்துக்காட்டினார்.

போருக்குப்பின், 1952ஆம் ஆண்டில், ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தல் ரப்பருக்கும் நாலரைக் காசு வரி. தோட்டங்கள் செலுத்திய வரி அவற்றின் கணக்கிலேயே வைக்கப்பட்டு, மறுநடவு செய்யுந்தோறும் அவற்றிற்கே திரும்பியது. 100 ஏக்கருக்குக் குறைந்த சிறுதோட்டங்களின் வரி மட்டும் பொதுநிதியாகச் சேர்ந்தது. அதிலிருந்து மறுநடவு செய்வோருக்கு ஏக்கருக்கு 400 வெள்ளி வழங்கினர். அத்தொகை படிப்படியாக உயர்ந்து 1960களில் 750 வெள்ளியாயிற்று. மரம் வீழ்த்தியதும் ஒரு தவணை, கன்று நட்டதும் ஒரு தவணை, களையெடுத்து உரமிட்டதை அதிகாரி வந்து பார்த்தபின் மற்றொரு தவணை என்றவாறு பணம் பிரித்துத் தரப்பட்டது.

இத்திட்டத்தால் நாட்டின் ரப்பர் புதுப்பிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனுள் ஓர் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருந்தது. வரியை ரப்பர் விற்ற அனைவரும் செலுத்தினர். மானியத்தையோ மரத்தை வீழ்த்தும் துணிவும் வசதியும் உடையோரே பெற்றனர். பத்து ஏக்கர்க்காரன் ஐந்தை வீழ்த்தி ஐந்தில் பிழைத்தான். இரண்டு ஏக்கர்க்காரன் வரி கட்டியதோடு நின்றான். ஏழையின் காசு சற்றே வசதியுள்ள அண்டை வீட்டானின் தோட்டத்தைப் புதுப்பித்தது.

இவ்விருவருக்கும் கீழே மூன்றாமவர் ஒருவர் இருந்தார். தோட்டத்தில் பால் வெட்டிய தமிழ்ப் பாட்டாளியே அவர். விடியுமுன் பிரட்டுக் களத்தில் கூடி, மண்டோர் பிரித்துவிட்ட நிரையில் வெட்டி, பாலைச் சேர்த்து ஆலையில் ஒன்றாகக் கொட்டியவர்கள் அவர்கள். கூட்டு உழைப்பு என்பதை அவர்களைவிட அறிந்தார் இலர். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் உழவரல்லர், கூலிகள். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிருக்கோ மேய்ச்சலுக்கோ தரப்படவேண்டும் என்றது. கெடா அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் அங்கும் லயத்தின் பின்புறத்துக் கீரைப்பாத்தியும் ஒரு கறவை மாடுமே தமிழரின் தனி வேளாண்மையாக இருந்தன. வேலை போனால் பாத்தியும் போயிற்று. மலாய் ஒதுக்கீட்டு நிலங்களோ அவர்கள் வாங்க இயலாதவை.

இந்நிலையில் வந்ததே தோட்டத் துண்டாடல். 1950களில் அரசியல் மாற்றத்தை எண்ணி ஐரோப்பிய உடைமையாளர் சிலர் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வணிகக் கூட்டுக்குழுக்கள் அவற்றை மொத்தமாக வாங்கி, ஐந்து, பத்து, ஐம்பது ஏக்கர்களாக அறுத்துச் சில்லறையாக விற்றன. வாங்கியோருள் பலர் மண்ணைத் தொடாத நகரத்தார். பெருந்தோட்டம் சிறுதோட்டங்களாயிற்று என்பது உண்மை. உழுதவன் கைக்கு நிலம் வந்தது என்பது உண்மையன்று. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசீஸ் தலைமையில் ஆராய்ந்தனர். துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலையாட்கள் குறைக்கப்பட்டனர். எஞ்சியோர் பாதிப் பங்கிற்கோ ஒப்பந்தக்காரரிடமோ வெட்டினர். தொழிற்சங்க ஒப்பந்தம், மருந்தகம், குழாய்த் தண்ணீர் ஆகியவற்றிற்குப் பொறுப்பேற்க எவருமில்லை. ஒரே உடைமையாளரை நம்பி நின்ற தமிழ்ப்பள்ளி, இருபது உடைமையாளர் வந்தபோது எவருக்கும் உரியதில்லாமற் போயிற்று. தமிழாசிரியர்கள் இவ்வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும்போது இந்தப் பள்ளிச் செய்தியை விடாது சொல்லுதல் வேண்டும்.

துண்டாடலுக்கு எதிராக எழுந்த முயற்சிதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அமைச்சராகவும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் விளங்கிய வீ. தி. சம்பந்தன் 1960இல் அதைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு பாட்டாளிகளை அவர் வேண்டினார். நாட்கூலி சில வெள்ளிகளாக இருந்த காலத்தில் 10 வெள்ளி சிறு தொகையன்று. அடுத்த ஆண்டே, 1961இல், சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். விற்பனைக்கு வந்த ஒரு தோட்டம் அறுபடாமல், லயமும் ஆலையும் வேலையும் கலையாமல், அதில் உழைத்த இனத்தாரின் பொதுவுடைமையாயிற்று. மலேசியத் தமிழர் வரலாற்றில் இதற்கு ஈடான பொருளாதாரச் செயல்கள் மிகச் சிலவே.

எனினும் அதன் எல்லையையும் கூறுதல் முறை. கூட்டுறவுத் தோட்டத்தில் பால் வெட்டிய உறுப்பினர் காலையில் கூலித் தொழிலாளி, ஆண்டிறுதியில் பங்காளி. நிர்வாகமுறை பழைய தோட்டத்தினதே. எந்த மரத்தை வீழ்த்துவது, என்ன பயிர் நடுவது என்று அவர் முடிவு செய்யவில்லை. மேலும், சட்டம் பரப்பளவை மட்டுமே அளந்தது. ஆயிரக்கணக்கான ஏழைகளின் 10 வெள்ளிகளால் வாங்கியதாயினும், அதன் கண்ணில் அதுவும் ஒரு பெருந்தோட்டமே. உறுப்பினர் ஒவ்வொருவரின் பங்கையும் நிலமாகப் பிரித்தால் ஓர் ஏக்கர்கூடத் தேறாது. ஆனால் ஐம்பது ஏக்கர் வாங்கிய நகர வணிகரே சிறுதோட்டக்காரர் என்னும் வரையறைக்குள் வந்தார். கூடி வாங்கியதற்குத் தமிழர் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று.

அரசு தானே நடத்திய கூட்டுமுறை வேறு வகையானது. 1956இல் அமைந்த பெல்டா வாரியம், காட்டை அழித்துக் குடியேற்றவாசிகளுக்கு நிலம் தந்தது. 1958இல் பகாங்கின் லூரா பீலூட்டில் முதற்குடியேற்றம் நிகழ்ந்தது. அங்கே இந்தியக் குடும்பங்களும் இடம்பெற்றன. பிற்காலத் திட்டங்களில் அவர்களின் தொகை மிகச் சிறிது. தொடக்கத்தில் ஆளுக்குப் பத்து ஏக்கர் அளவில் தனி நிலம் வழங்கினர். பின்னர் இருபது குடும்பங்கள் அளவில் ஒரு தொகுதியாக உழைத்து வருவாயைப் பகிரும் முறை வந்தது. 1985இல், நிலத்திற்குப் பதிலாகப் பங்குரிமை மட்டுமே என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது குடியேற்றவாசிகள் அதனை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. கூடி உழைக்க அவர்கள் மறுத்தாரல்லர். தத்தம் பெயரில் பட்டா இல்லாமல் உழைக்கவே மறுத்தனர்.

கெடாவின் நெற்சமவெளியில் கூட்டுறவை வலியுறுத்தியது தண்ணீர். 1970இல் மூடா வேளாண் வளர்ச்சி வாரியம் அமைக்கப்பட்டு, மூடா, பெடு அணைகளின் நீரால் இருபோகச் சாகுபடி தொடங்கியது. வாய்க்கால்கள் போதாமையால் ஒருவர் வயலின் நீர் அடுத்தவர் வயல் வழியாகவே கடைமடைக்குச் சென்றது. மேல்வயற்காரர் நாற்று நடப் பிந்தினால் கீழ்வயற்காரரின் பருவமும் தவறிற்று. ஆகவே 1980களில் அண்டை வயல்களை ஒரே கால அட்டவணையில் உழுது விதைக்கும் குழு வேளாண்மையை வாரியம் ஊக்குவித்தது. வரப்பும் பட்டாவும் அவரவருக்கே இருந்தன. இம்முறை ஓரளவேனும் நிலைத்தமைக்கு அதுவே காரணம் எனலாம்.

மானியம் அங்கும் நிலத்தின் அளவையே பின்தொடர்ந்தது. 1979இல் ஒருவருக்கு ஆறு ஏக்கர் வரையில் இலவச உரம் வழங்கினர். இரண்டு ஏக்கர்க்காரருக்கு இரண்டு ஏக்கருக்குரிய உரமே கிடைத்தது. பிறர் வயலில் நாற்று நட்டும் கதிரடித்தும் பிழைத்தவருக்கு ஒன்றுமில்லை. நெல்விலை உதவியின் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாகக் கூப்பனில் தர முற்பட்டபோது, 1980 சனவரியில் அலோர் ஸ்டாரில் ஆயிரக்கணக்கான உழவர் திரண்டு ரொக்கம் கேட்டுப் போராடினர். ஐந்தாண்டுகளுக்குமுன், 1974ஆம் ஆண்டின் இறுதியில், பாலிங்கிலும் இத்தகைய கூட்டம் திரண்டதுண்டு. ரப்பர் விலை வீழ்ந்து அரிசி விலை ஏறிய காலம் அது. 1973இல் தோன்றிய சிறுதோட்டக்காரர் வளர்ச்சி வாரியமான ரிஸ்டாவின் மறுநடவுத் தவணை, நாளைய மரத்திற்கு உதவியதேயன்றி அன்றைய உணவிற்கு உதவவில்லை. பின்னர் ரிஸ்டா சிறுதோட்டங்களை இணைத்துக் குறுந்தோட்டங்களாகத் தானே நடத்தியது. பட்டா உரியவரிடமே இருந்தது. ஆதாயப் பங்கு வந்தது. ஆனால் பலர் தம் நிலத்திலேயே பார்வையாளராயினர்.

தென்கெடாவின் தோட்டங்களில் பிற்காலத்தில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிற்று. செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் நகர்ப்புறங்களில் குடியேறின. பேழையிலே கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றைப் போற்றி வைத்த முதியோர் அவர்களுள் உண்டு. அந்தச் சான்றில் இத்தனை வெள்ளி என்று இருக்கும். இத்தனை ஏக்கர் என்று இராது.