ஆசானும் மாணாக்கனும்

ஜப்பான் சாமான் என்றால் மலிவு, மலிவு என்றால் மட்டம் என்று உலகம் ஒரு காலத்தில் முடிவு கட்டி வைத்திருந்தது. தகரப் பொம்மைகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். காமிரா லென்ஸ் விஷயத்தில் அந்த எண்ணத்தை ஆட்டம் காண வைத்தது ஒரே ஒரு புகைப்படம்.

1950-ஆம் வருஷம் 'லைப்' பத்திரிகையின் புகைப்பட நிபுணர் டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானில் இருந்தார். ஜூன் மிகி என்ற ஜப்பானிய இளைஞர் அவரை ஒரு படம் எடுத்தார். லென்ஸ் உள்நாட்டுச் சரக்கு. 85 மில்லிமீட்டர் நிக்கோர். டங்கன் அதை லட்சியம் செய்யவில்லை. மிகி படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து நீட்டிய பிறகுதான் அவர் விழித்துக்கொண்டார். ஹோரஸ் பிரிஸ்டல் என்ற சகாவையும் அழைத்துக்கொண்டு அதைச் செய்த நிப்பான் கோகாகு கம்பெனிக்கே போய்விட்டார். அங்கே தலைவர் நாகவோகா அவர்களை வரவேற்றார். ஜெர்மன் லென்ஸ்களையும் ஜப்பான் லென்ஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரீட்சை நடந்தது. அதன் முடிவு என்னவென்றால், டங்கன் தம்முடைய ஜெர்மன் லைகா காமிராவில் நிக்கோர் லென்ஸை மாட்டிக்கொண்டார்!

ஜூன் 25-ந் தேதி கொரியாவில் யுத்தம் மூண்டது. அந்த லென்ஸ்களோடுதான் அவர் போர்முனைக்குப் போனார். டிசம்பர் 10-ந் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' இந்த ஜப்பானிய லென்ஸ்களைப் பற்றி எழுதிற்று. அதற்குமேல் விளம்பரம் எதற்கு?

கதை எழுதுகிறவனான எனக்கு இதில் ருசிக்கிற இடம் வேறு. அந்த 85 மில்லிமீட்டர் லென்ஸின் அமைப்பு, ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனிக்காக லுட்விக் பெர்ட்டெலே வகுத்த ஸொன்னார் லென்ஸின் வழி வந்தது. அது மட்டுமா? 1917-ல் பிறந்த நிப்பான் கோகாகு, 1921-ல் ஜெர்மனியிலிருந்து எட்டு நிபுணர்களை வரவழைத்துத் தொழில் கற்றுக்கொண்டது. அவர்களில் ஹைன்ரிஷ் ஆக்ட் என்பவர் 1928 வரையில் தங்கிச் சொல்லிக் கொடுத்தார். பிறகு யுத்த காலத்தில் ஜப்பானியக் கடற்படைக்குத் தூரமானிகள் செய்து கை தேர்ந்தவர்கள், யுத்தத்தில் தோற்றதும் அதே கையால் காமிரா செய்ய உட்கார்ந்தார்கள்.

ஆசான் அந்தச் சமயத்தில் எப்படி இருந்தார்? பரிதாபம்தான். 1945-ல் அமெரிக்கப் படைகள் யேனா நகரத்தைப் பிடித்தன. ரஷ்யர்களிடம் அதை ஒப்புவிக்குமுன், ஸைஸ் நிபுணர்கள் எண்பது பேருக்கு மேல் மேற்கே கொண்டுபோனார்கள். மிஞ்சிய யந்திரங்களில் பெரும்பகுதியை ரஷ்யர்கள் கழற்றி எடுத்துக்கொண்டு, 1946 அக்டோபரில் ஆட்களையும் குடும்பத்தோடு ரயிலேற்றினார்கள். ஒரு ஸைஸ் இரண்டாயிற்று. யேனாவில் ஒன்று, மேற்கே ஓபர்கோஹனில் ஒன்று. பெயர் யாருக்குச் சொந்தம் என்று 1971 வரையில் வழக்காடினார்கள். ஜப்பானியர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதிராளி வீட்டில் பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

ஜெர்மானியர் சளைத்துவிடவும் இல்லை. 1954-ல் வந்த லைகா எம்-3 அவ்வளவு அற்புதமான காமிரா. அதனோடு அதன் பாதையிலேயே போட்டியிடுவது வீண் என்று கண்டவர்கள்போல் ஜப்பானியர் லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் ரிப்ளெக்ஸ் பக்கம் திரும்பினார்கள். 1959-ல் நிக்கான் எப் வந்தது. பத்திரிகைக்காரர்கள் கைகளில் ஒவ்வொன்றாக ஜெர்மன் காமிராக்கள் மறையத் தொடங்கின.

ஸைஸின் பெருமைக்குரிய காமிரா காண்டாக்ஸ். 1975-ல் அந்தப் பெயரோடு ஒரு புதுக் காமிரா கடைக்கு வந்தது. அதைச் செய்தது ஜப்பானிலுள்ள யாஷிகா கம்பெனி.