வலுவின்மையின் வலிமை: பவுல் முதல் இரட்சணிய யாத்திரிகம் வரை

முன்னுரை

தாழ்மை என்னும் சொல் தமிழில் இருபொருள் தரவல்லது. பணிவாகிய நற்பண்பை அது குறிக்கும்; சமூகத்தில் கீழ்ப்பட்ட நிலையையும் குறிக்கும். பணிவு எல்லோர்க்கும் நன்று என்று கூறும் வள்ளுவம், செல்வர்க்கு அது தனிச்சிறப்பு என்கிறது. அங்குப் பணிவு, பெருமைக்கு அணியாகிறது. கிறித்துவ மரபோ இதனின்றும் வேறுபட்டு, பெருமை ஏதுமற்ற வலுவின்மையிலேயே இறைவனின் வலிமை விளங்கும் என்கிறது. இக்கருத்து தோன்றிய சூழலையும், அது தமிழ்க் காப்பிய மரபுக்குள் வந்து சேர்ந்த வரலாற்றையும் இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

கொரிந்து நகரும் பவுலின் மடலும்

கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரால் உரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்டது. அடிமைத்தளையினின்று விடுபட்டோர் பலர் அங்குக் குடியமர்ந்தனர். வணிகத்தால் வளர்ந்த அந்நகரில் செல்வமும் சொல்வன்மையும் மதிப்பின் அளவுகோல்களாயின. அந்நகரத் திருச்சபைக்குக் கி.பி. 55-56 அளவில் பவுல் எழுதிய இரண்டாம் மடலே நம் கருத்துக்கு மூலம். பவுலின் மடல்களில் அழுத்தம் உண்டு, நேரில் வந்தாலோ அவரிடம் தோற்றமும் இல்லை, பேச்சும் இல்லை என்று அங்குச் சிலர் இகழ்ந்தனர்.

இதற்கு விடையிறுக்கும் பவுல் தம் வெற்றிகளைப் பட்டியலிடவில்லை. அடிபட்டதையும், கப்பல் உடைந்ததையும், பசியையும் பட்டியலிடுகிறார். தமஸ்கு நகரின் மதிலிலிருந்து கூடையில் வைத்து இறக்கப்பட்டுத் தப்பியதை அதன் முடிவில் குறிப்பிடுகிறார். பகைவர் மதில்மேல் முதலில் ஏறிய வீரனுக்கு முடிசூட்டிச் சிறப்பித்தது உரோமர் மரபு. அம்மரபை அறிந்த கொரிந்தியருக்கு, மதிலிலிருந்து இறங்கி ஓடியவனின் இத்தற்புகழ்ச்சி வீரப்புகழின் தலைகீழ் வடிவமாகவே தோன்றியிருக்கும் என ஆய்வாளர் கருதுவர். அடுத்து, தம் உடலில் தைத்த ஒரு முள்ளைப் பற்றிப் பவுல் பேசுகிறார். அதனை நீக்குமாறு மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. நீங்காத குறையோடு வாழ்வதற்கான அருளே அவருக்குக் கிடைத்தது. அம்முள் இன்னது என்று அவர் கூறவில்லை. எனவே தத்தம் குறையை அதில் காணப் பிற்காலத்தவர்க்கும் இயன்றது.

பெட்ஃபோர்டு சிறை

அவ்வாறு கண்டவருள் ஒருவர் ஜான் பனியன். 1628இல் இங்கிலாந்தின் எல்ஸ்டோ என்னும் சிற்றூரில், பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். அரசின் உரிமமின்றிச் சமயப்பொழிவு ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டில் சிறையிருந்தார். இனிப் போதிப்பதில்லை என்று ஒரு சொல் கூறியிருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம், அவர் கூறவில்லை. பார்வையற்ற மகள் உள்ளிட்ட குடும்பத்தைக் காக்கச் சிறையில் காலணிக் கயிறுகள் செய்து விற்றார். 1678இல் வெளிவந்த அவரது உருவகக் கதையில், யாத்திரிகன் தாழ்மைப் பள்ளத்தாக்கில் பகைவனோடு போரிடுகிறான். அப்போரில் வாள் அவன் கையினின்று நழுவி விழுகிறது. உயிர் போகும் நிலையில்தான் அவன் அதனை மீண்டும் எட்டிப் பற்றி வெல்கிறான்.

கிருஷ்ணபிள்ளையின் காப்பியம்

இக்கதையைத் தமிழ்க் காப்பியமாக்கிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900), திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய அவர் 1858இல் திருமுழுக்குப் பெற்றார். 3766 பாடல்களும் ஐந்து பருவங்களும் கொண்ட இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது.

இங்கு இலக்கணச் சிக்கல் ஒன்று எழுகிறது. தன்னிகரில்லாத் தலைவனைக் காப்பியத்திற்கு உரியவனாகத் தமிழ் அணியிலக்கணம் கூறும். பனியனின் யாத்திரிகனோ முதுகில் பாவச்சுமையோடு தடுமாறி நடப்பவன். கிருஷ்ணபிள்ளை பனியனிடம் இல்லாத இரட்சணிய சரிதப் படலத்தைச் சேர்த்து, இயேசுவின் பாடுகளை விரித்துரைத்தார். தன்னிகரில்லாத் தலைவன் ஒருவனை அதன்வழி அவர் காப்பியத்திற்குள் கொணர்ந்தார் என்பது நம் கருத்து. ஆனால் அத்தலைவன் கட்டுண்டு, இகழப்பட்டு, வாய்திறவாது நிற்பவன். முடிதுறந்த இராமனைத் தமிழ் வாசகர் முன்பே அறிவர். எனினும் இராமன் கையில் வில் இருந்தது. இங்கு வில்லும் இல்லை. பகைவரின் கயிறு அவனைக் கட்டவில்லை, அவர்பால் அவன் கொண்ட அன்பே கட்டியது என்று கவிஞர் விளக்குகிறார். கம்பனின் விருத்தநடை, வலுவின்மையைப் பாடும் கருவியாகிறது.

இது அவருக்கு முற்றிலும் புதிய உணர்வன்று. நம்மாழ்வார் தோன்றிய குருகூரும் அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்ததே. தன்னிடம் கைம்முதல் ஏதுமில்லை என்று ஒப்புக்கொள்வதே சரணாகதிக்குத் தகுதி என்பது வைணவ உரைமரபு வளர்த்த கொள்கை. அம்மரபில் வளர்ந்த உள்ளத்திற்குப் பவுலின் கூற்று அயலாகத் தோன்றியிராது.

தாழ்மை யாருக்கு?

எனினும் வரலாற்று மாணவர் ஒரு வினாவைத் தவிர்த்தல் இயலாது. தாழ்மை யாருக்குப் போதிக்கப்பட்டது? தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதி வேறுபாடுகளைக் கைவிடுமாறு கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்துவருள் பலர் அதனை ஏற்கவில்லை. சிலுவையின் தாழ்மையைப் பாடி நெகிழ்ந்தவர்க்கும், வழிபாட்டில் உடன் அமர்பவனோடு சமமாக இறங்கி வருவது அரிதாக இருந்தது. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவனை நோக்கித் தாழ்மையுடன் இரு என்று கூறுவது பவுலின் போதனையன்று. அது கொரிந்தின் பழைய அளவுகோலே.

முடிவுரை

நாம் கண்ட மூவரும் வலுவின்மையை அதன்பொருட்டே போற்றவில்லை. பவுல் தம் பணியை விடவில்லை. பனியன் அரசுக்கு இணங்கவில்லை. கிருஷ்ணபிள்ளை தம் புலமையைத் துறக்காமல் அதனை இகழப்பட்ட ஒருவனின் புகழுக்கு உரியதாக்கினார். தாழ்மை அவர்களிடம் அடங்கிப் போதலாக அமையவில்லை. தம்மை நிலைநாட்டிக்கொள்ளும் கவலையினின்று அவர்களை அது விடுவித்தது. இரட்சணிய யாத்திரிகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதன் கம்பநடையைச் சுட்டுவதோடு நில்லாமல், அந்நடை எத்தகைய தலைவனைப் பாட வந்தது என்பதையும் மாணவர்க்கு உணர்த்துவாராயின் அக்காப்பியத்தின் உட்பொருள் விளங்கும்.