பசறைத் தோட்டங்களில் பாரிசவாதமும் வீட்டுப் பராமரிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு பற்றி எழுதியோர் குடிபெயர்வு, குடியுரிமை, சம்பளம், தொழிற்சங்கம் என்பவற்றையே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். நோயாளியை வீட்டில் வைத்துப் பேணுதல் என்னும் கருமம் வரலாற்றுக்குரிய பொருளாக அரிதாகவே கொள்ளப்பட்டது. அது குடும்பத்தின் சொந்த விடயம், பெண்களின் அன்றாட வேலை என ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் பாரிசவாதம் போன்றதொரு நோயில் வைத்தியசாலையிற் கழியும் நாட்கள் சில. வீட்டிற் கழியும் மாதங்கள் பல. அம்மாதங்களில் நோயாளி எழுந்து நடப்பதும் படுக்கையிலேயே கிடப்பதும் உறவினரின் அன்பினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. வீட்டின் அமைப்பும், வீட்டுக்குச் செல்லும் பாதையும், பேணுபவர் வேலைக்குச் செல்லாத நாளின் சம்பளமும் அதைத் தீர்மானிக்கின்றன. பசறைப் பகுதித் தோட்டங்களை முன்வைத்து இதனை நோக்கலாம்.

பாரிசம் என்பது பக்கம். உடலின் ஒரு பக்கம் செயலிழத்தலின் இப்பெயர் ஏற்பட்டது. தோட்டங்களில் 'கை கால் இழுத்துக்கொண்டது' என்பர். தமிழ் மருத்துவ மரபு இதனை வாத நோய்களுள் ஒன்றாக வகுத்தது. மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதனாலோ வெடிப்பதனாலோ இது நேருகின்றது. மூளைக்குள் இரத்தம் கசிவதே சிலரிடத்து இந்நோய்க்குக் காரணம் என்பதைச் சுவிற்சலாந்து மருத்துவர் வெப்ஃபர் 1658இல் எடுத்துக்காட்டினார். காரணம் தெரிந்த பின்னரும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மருத்துவத்தாற் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை. அடைப்பைக் கரைக்கும் மருந்தின் பயன் 1995இலேயே உறுதியாயிற்று. அதனையும் நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள், மூளையைப் படம் பிடித்துப் பார்த்த பின்னரே செலுத்தலாம். தோட்டத்தின் மேற்பிரிவொன்றில் இருட்டில் விழுந்தவருக்கு நாலரை மணி நேரம் என்பது மிகக் குறுகியது.

பசறை, பதுளையிலிருந்து மொனராகலைக்குச் செல்லும் வீதியில், நமுனுகுலை மலைச்சாரலை அண்டி அமைந்தது. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் இம்மலைகள் தேயிலைக்கு மாறின. 1924இல் இருப்புப்பாதை பதுளையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் வீதியே கதி. வீதியிலிருந்து தோட்டத்தின் பிரிவுகளுக்கு ஏறுவன ஒற்றையடிப் பாதைகளும் கற்படிகளும். நோயாளியைக் கம்பளியிலே தூளி கட்டிச் சுமந்ததும், கொழுந்து லொறியில் ஏற்றியதும் மலையகம் முழுவதிலும் பழக்கமாயிருந்தன. பசறை அதற்கு விலக்கன்று.

லயமோ நோயாளியை எண்ணிக் கட்டப்பட்டதன்று. ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா ஒன்று, அதன் முன்னே இஸ்தோப்பு ஒன்று. இவ்வளவே ஒரு குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. தண்ணீர் பீலியில்; மலசலகூடம் லயத்துக்கு வெளியே, பெரும்பாலும் சரிவில். ஒரே அறையிற் சமையலும் நித்திரையும் பிள்ளைகளின் படிப்பும் நடந்தன. அதற்குள் ஒருவர் நாள் முழுவதும் படுத்திருப்பதாயின் மற்றவர்கள் எங்கே இருப்பது என்னும் கேள்வி முதல் நாளிலேயே எழும்.

தோட்டங்களில் மருத்துவ வசதியே இருக்கவில்லை என்று கூறுதல் பிழையாகும். 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்தது. 1912இன் சட்டம் துரைமாரின் கடமைகளை விரித்துரைத்தது: லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல், நோயுற்றோர் யாவர் என அறிந்துகொள்ளல், கடும் நோயாயின் மாவட்ட மருத்துவ அதிகாரியை அழைத்தல், அவர் பணித்தால் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் என்பன அவை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளிக்கவேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. அக்காலத்தை நோக்க இவை அற்பமானவை அல்ல. எனினும் இவற்றை ஆண்ட நோக்கம் ஒன்றே. கொள்ளைநோய் பரவாது தடுப்பதும், விழுந்த உழைப்பாளியை மீண்டும் பெரட்டுக்களத்துக்கு அனுப்புவதும், நாளைய உழைப்பாளி பிறந்து வளர வழிசெய்வதும் அந்நோக்கத்துள் அடங்கும். உயிர் தப்பி, ஆனால் மலையேறிக் கொழுந்து பறிக்கவோ கவ்வாத்து வெட்டவோ ஒருபோதும் இயலாதவராய் வீடு திரும்புபவர் அக்கணக்கில் இடம்பெறவில்லை. பாரிசவாதக்காரர் அத்தகையவர்.

அவர் உறவினரின் பொறுப்பானார். அந்த உறவையும் அரசியல் குலைத்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களை 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் நீலகிரியிலும் தம்பி ஊவாவிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. நோயாளியை முறை வைத்துப் பார்க்க நால்வர் இருந்த வீட்டில் இருவரே எஞ்சினர். ஒப்பந்தத்தின் இழப்புகளை மதிப்பிட்டோர் இதனை அதிகம் எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டில் நடக்கவேண்டிய பராமரிப்பு எத்தகையது என்பதையும் கூறவேண்டும். முதல் மூன்று மாதங்களிலேயே மீட்சி விரைவாக நிகழ்கின்றது. அதன்பின் மெல்ல நிகழ்ந்தாலும் நின்றுவிடுவதில்லை. தானாகப் புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் உண்டாகும். பலங்குன்றிய கையைப் பிடித்து இழுத்து எழுப்பலாகாது, தோள்மூட்டு கழன்றுவிடும். விழுங்கும் ஆற்றல் குன்றியவரை நிமிர்த்தி இருத்தியே ஊட்டவேண்டும். படுத்தபடி பருக்கும் சாயத்தண்ணி சுவாசப்பைக்குள் இறங்கிச் சளிச்சுரத்தை விளைவிக்கலாம். சட்டையை இயலாத கையில் முதலிற் போட்டு, கழற்றும்போது அக்கையிலிருந்து கடைசியாகக் கழற்றுவது எளிது. படியேறும்போது நல்ல காலையும், இறங்கும்போது இயலாத காலையும் முன்வைக்கப் பழக்குவர். இப்பயிற்சி லயத்துக்காரருக்கு மலசலகூடம் போய்வருவதற்கே வேண்டியது.

வலப்பக்கம் விழுந்தவர்களிடையே பேச்சிழப்பு மிகுதி. பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பாதியில் உள்ளதென்று பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா 1861இலிருந்து காட்டிவந்தார். இத்தகையோரிற் சிலர் ஒரு சொல்லும் பேச இயலாதிருந்தும் பழகிய பாட்டைப் பாடிவிடுவதுண்டு. காமன் கூத்துப் பாடலையும் மாரியம்மன் தாலாட்டையும் மனனமாக வைத்திருந்த ஒரு சமூகத்துக்கு இது வீண்செய்தியன்று. பேசாதவர் அறிவிழந்தவர் அல்லர் என்பதை வீட்டார் அறிதலே முதற்படி. 'ஆம், இல்லை' எனத் தலையசைத்து விடையளிக்கக்கூடிய கேள்விகளைக் கேட்டு, விடைக்காகப் பொறுத்திருக்கவேண்டும்.

இவையனைத்துக்கும் வேண்டுவது பகலில் ஒருவர் வீட்டிலிருத்தல். இங்கேதான் சம்பள முறை குறுக்கிடுகின்றது. தோட்டத்தில் ஒரு நாட் கூலியைப் 'பேர்' என்பர்; வேலைக்குச் செல்லாதவருக்குப் பேர் விழாது. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. அது போராடிப் பெற்ற பெருவெற்றி. ஆயின் அதன்பின் மனைவியோ மகளோ நோயாளியோடு இருந்துவிட்டால் வீடு இழந்தது ஆணின் பேருக்குச் சமமான முழுப்பேராயிற்று. 1992இல் தோட்ட நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றபின் கூட்டு ஒப்பந்தங்கள் வருகைக் கொடுப்பனவைச் சேர்த்தன. 2013இன் ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 620 ரூபாய் எனப்பட்டது. அதில் அடிப்படை 450, வருகைக் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. வருகைக்குரிய 140 ரூபாய், வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதத்துக்கு வந்தோருக்கே உரியது. மாதத்தில் 24 நாள் வேலை வழங்கப்பட்டு, நோயாளியின் பொருட்டு 17 நாள் மட்டும் சென்ற பெண், செல்லாத 7 நாட்களின் கூலியோடு, உழைத்த 17 நாட்களுக்குரிய 2,380 ரூபாயையும் இழந்தாள். ஒரு நாள் கூடுதலாகச் சென்றிருந்தால் அத்தொகை அவளுக்குக் கிடைத்திருக்கும். 2019இன் ஒப்பந்தத்தில் இக்கொடுப்பனவு நீக்கப்பட்டது. கணவனைப் புரட்டிவிடுவதா, பதினெட்டாம் நாளைப் பிடிப்பதா என்று கணக்குப் பார்த்த பெண்ணை அன்பற்றவள் என எவரும் கூறலாகாது.

இந்நிலையில் நாட்டு வைத்தியரை நாடுதல் இயல்பே. ஊவாவிலே தமிழ்த் தொழிலாளர் சிங்கள வெதமாத்தையாவிடம் எண்ணெய்க்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். நோய் கண்ட முதல் மணிகளை அங்கே செலவிடுதலும், இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுதலும் பெருந்தீங்கு. புறா இரத்தம் பூசுதலாற் பயனில்லை. ஆயினும் நாள்தோறும் ஒருவர் வந்து உடலைத் தொட்டு, கைகாலை நீட்டி மடக்கி, 'சரியாகிவிடும்' என்று சொல்லும் முறைமையை ஏளனஞ் செய்வதற்கில்லை. மாதம் ஒருமுறை பதுளைக்கு வரச்சொல்லி எழுதப்படும் சீட்டில் அது இல்லை.

பிற நாட்டு அனுபவம் ஒன்று ஒப்புநோக்கத்தக்கது. 1965இல் நடிகை பற்றிசியா நீல் மூளை இரத்தக்கசிவினால் வீழ்ந்தார். அவருடைய கணவர், எழுத்தாளர் ரோல்ட் டால், இங்கிலாந்திலே தமது ஊரின் அயலவர்களை முறைவைத்து அழைத்து நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி அளிக்கச் செய்தார். 1968இல் வெளிவந்த படமொன்றில் அவர் மீண்டும் நடித்தார். அயலவருள் ஒருவரான வலரி ஈற்றன் கிரிபித் அம்முறையை 1970இல் நூலாக்கினார். அயலுறவு லயத்திலும் குறைவானதன்று. ஒரு சுவர்தான் இடையே. ஆனால் இங்கிலாந்துக் கிராமத்து அயலவருக்குப் பகலில் ஓய்விருந்தது. லயத்து அயலவர் மலையில் இருந்தனர்.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளரை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வு, குடும்பத்தினருக்குப் பயிற்சியளித்து வீட்டிற் புனர்வாழ்வு செய்வித்தலை வழமையான கவனிப்போடு ஒப்பிட்டது. ஆறு மாதங்களின் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருந்தோரும் இரு பிரிவிலும் 47 வீதமாகவே இருந்தனர். இதனால் வீட்டார் செய்வது வீண் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வழமையான பிரிவிலும் வீட்டாரே பார்த்தனர். பயிற்சி பெற்ற மருத்துவ ஊழியர் செய்யவேண்டியதைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதையே அம்முடிவு உணர்த்துகின்றது.

மாற்றம் இல்லாமலில்லை. இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 நோயாளர் வண்டிச் சேவை பின்னர் ஊவாவுக்கும் விரிந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 550 சதுரஅடித் தனிவீட்டில் மலசலகூடம் வீட்டோடு சேர்ந்தது. பாரிசவாதக்காரருக்கு எந்த மருந்தினும் அது பெரிது. எனினும் பலர் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றனர். தாய் மலைக்குப் போகையிற் குழந்தையை விட்டுச்செல்லத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா உண்டு. தந்தையை விட்டுச்செல்ல அவ்வாறு ஓரிடம் ஏற்படவில்லை. இஸ்தோப்பில் அவரை வெயிலுக்கு இருத்தி, பக்கத்துக் காம்பராவில் ஓய்வுபெற்றிருக்கும் அம்மாயியிடம் 'ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டே பெண்கள் பெரட்டுக்குச் செல்கின்றனர்.