தன் குரல் தன் காதுக்கு: வட சிலாங்கூர்த் தோட்டப் பகுதிகளில் ஒலித் தாமதத்தின் வரலாறு

முன்னுரை

கணினியில் ஒலிவாங்கியைப் பொருத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட உட்காருகிறவர்களுக்கு முதலில் வரும் தொல்லை பெரும்பாலும் ஒன்றுதான். தம் குரல் சற்றுப் பிந்தித் தம் காதில் விழுகிறது. பாட்டு தடுமாறுகிறது, தாளம் இழுபடுகிறது. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வீட்டு அறையிலேயே பாடல்களைப் பதிவு செய்கிறார்கள். அவர்களும் இத்தொல்லைக்குத் தப்பவில்லை.

இத்தாமதம் கணினியோடு பிறந்ததன்று. தொலைபேசி, வானொலி நிலையம், கோயில் மைக் செட், ஒலிநாடா என இப்பகுதித் தமிழர் வாழ்வில் நுழைந்த ஒவ்வொரு கருவியும் பேசுகிறவருக்கு அவர் குரலை எப்படித் திருப்பித் தருவது என்ற கேள்வியைக் கூடவே கொண்டுவந்தது. நல்ல விடை கிடைத்த இடங்களில் எல்லாம் அந்த விடை ஒரே வடிவில் இருந்தது: காதுக்குத் திரும்பும் குரலை இயந்திரத்தின் நீண்ட பாதையிலிருந்து பிரித்து நேராக அனுப்புவது. அந்த விடையின் வரலாற்றையே இக்கட்டுரை தொடர்கிறது.

காது பொறுக்கும் தாமதம் எவ்வளவு?

நாம் பேசும்போது நம் குரல் இரண்டு வழிகளில் காதை அடைகிறது. ஒன்று காற்று வழி. மற்றது தாடை, மண்டையோட்டு எலும்பு வழி. இரண்டிலும் தாமதம் என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை. இப்படிக் கேட்டுக்கொண்டே நம்மை அறியாமல் குரலின் உரத்தையும் சுருதியையும் திருத்துகிறோம். இரைச்சலான இடத்தில் மனிதர் தாமாகவே குரலை உயர்த்துவதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் பதிவு செய்தார். பேச்சு, கேட்பைச் சார்ந்தே நடக்கிறது என்பதற்கு அது தொடக்கக் காலச் சான்று.

1950-இல் அமெரிக்கரான பெர்னார்ட் லீ ஒலிநாடாக் கருவியின் உதவியால் பேச்சாளரின் குரலைத் தாமதப்படுத்தி அவர் காதுக்கே திருப்பினார். தாமதம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 200 மில்லி விநாடியை, நெருங்கியபோது சரளமாகப் பேசுகிறவர்களும் திக்கினார்கள். அசைகளைத் திரும்பச் சொன்னார்கள், வேகம் குறைந்தது, குரல் உயர்ந்தது. இக்கட்டுரையில் 200 என்ற எண் பலமுறை வரும்.

சிறிய தாமதம் வேறு வகையில் கெடுக்கிறது. எலும்பு வழியாக உடனே வரும் குரலோடு, ஹெட்போன் வழியாக 3 அல்லது 5 மில்லி விநாடி பிந்தி வரும் அதே குரல் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பாடுகிறவருக்குத் தன் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வெறுமையாகக் கேட்கும். 2007-இல் மைக்கேல் லெஸ்டர், ஜான் போலி இருவரும் மேடைக் கலைஞர்களை வைத்து நடத்திய ஆய்வில், காதுக்குள் பொருத்தும் ஒலிப்பான் வழியாகத் தன்னைக் கேட்கும் பாடகர் மிகச் சிறு தாமதத்தையும் உணர்கிறார் என்று தெரிந்தது. தாளக் கருவி வாசிப்பவர் பொறுத்துக்கொள்ளும் தாமதம் பாடகருக்குப் பொறுக்காது.

துரை பங்களாத் தொலைபேசி

கோலாலம்பூரில் தொலைபேசி இணைப்பகம் 1891-இல் தொடங்கியது. தோட்டப்புறத்தில் தொலைபேசி நெடுங்காலம் துரையின் பங்களாவுக்கும் அலுவலகத்துக்கும் உரிய பொருளாகவே இருந்தது. லயத்து வீடுகளுக்கு அது வரப் பல தலைமுறைகள் ஆயின.

பழைய தொலைபேசியில் பேசுகிறவரின் குரல் அவர் காதிலேயே மிக உரக்க ஒலித்தது. அதனால் அவர் தாமாகவே குரலைத் தாழ்த்தினார். மறுமுனையில் சரியாகக் கேட்கவில்லை. பின்னர் வந்த சுற்றுகள் மின்மாற்றியின் உதவியால் அந்தத் திரும்பு குரலைப் பெருமளவு குறைத்தன. ஆனால் முழுவதும் அகற்றிவிடவில்லை. தன் குரல் சிறிதும் கேட்காவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டதென்று பேசுகிறவர் நினைப்பார் என்பதைப் பொறியாளர்கள் கண்டிருந்தார்கள். எனவே சிறிதளவு குரலை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். அந்தக் குரல் தொலைபேசிக் கருவிக்குள்ளேயே திரும்பியது, தாமதமே இல்லை. நேர்வழிக் கேட்பின் முதல் வடிவம் இதுதான்.

வானொலிக் காலம்

1946 ஏப்ரல் 1-இல் ரேடியோ மலாயா தொடங்கியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசு தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. கோல சிலாங்கூர் வட்டாரம் அப்போது பால்மரக் காடாக இருந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் 1917-இல் ஊன்றப்பட்ட தென்னமரம் தோட்டமும் இங்கேதான் உள்ளது. வேலை முடிந்து வந்த தோட்ட மக்கள் ஒரே பெட்டியைச் சுற்றி அமர்ந்து தமிழ் நிகழ்ச்சி கேட்ட காலம் அது.

1959-இல் நிலையம் கோலாலம்பூரில் இயங்கத் தொடங்கியது. பின்னர் அங்காசாபுரி வளாகம் எழுந்தது. 1960-களிலும் 70-களிலும் வானொலியில் பணியாற்றிப் பிறகு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புத் துறைக்குச் சென்ற எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு போன்றோர் பழகிய ஒலிப்பதிவு அறைகளின் அடிப்படை அமைப்பு எளிது. ஒலிவாங்கியின் மின்சைகை கலவை மேசைக்குப் போகும். அங்கேயே ஒரு கிளை பிரிந்து அறிவிப்பாளரின் ஹெட்போனுக்கு வரும். செப்புக் கம்பியில் போய் வரும் அந்தச் சைகைக்குத் தாமதம் எதுவும் இல்லை.

தாமதம் வந்தது நாடாக் கருவியால்தான். தொழில்முறை நாடாக் கருவியில் பதியும் தலையும் ஒலிக்கும் தலையும் தனித்தனி. நாடா முதல் தலையைக் கடந்த பிறகே இரண்டாவதை அடையும். விநாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் நாடா ஓடுகிறது, தலைகளுக்கு இடையே 4 செ.மீ. இருக்கிறது என்று கொண்டால், தாமதம் ஏறக்குறைய 210 மில்லி விநாடி. லீ கண்ட தடுமாற்ற எல்லை அதுவே. கருவியில் 'சோர்ஸ்', 'டேப்' என்று இரு நிலை கொண்ட விசை இருக்கும். விசை 'டேப்' பக்கம் இருக்கும்போது ஹெட்போனில் தன் குரலைக் கேட்டபடி யாரும் செய்தி வாசிக்க முடியாது. 'சோர்ஸ்' பக்கம் திருப்பினால் குரல் நாடாவைத் தொடாமல் நேராகக் காதுக்கு வரும்.

இசைப்பதிவில் இதே சிக்கலை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1950-களில் தீர்த்தது. முன்பு பதிந்த இசையை ஒலிக்கும் தலையிலிருந்து கேட்டபடி புதிதாகப் பாடினால், புதிய குரல் நாடாவில் பிந்தி விழும். எனவே பதியும் தலையையே தேவையான தடங்களுக்கு ஒலிக்கும் தலையாகவும் பயன்படுத்தினார்கள். கித்தார்க் கலைஞர் லெஸ் பால் 1957-இல் பெற்ற எட்டுத் தடக் கருவி இம்முறையில் இயங்கியது.

நேயர்களும் இத்தாமதத்தை நன்கு அறிவார்கள். தொலைபேசியில் நேயர் பேசும் நிகழ்ச்சிகளில், 'வானொலிச் சத்தத்தைக் குறைச்சு வைச்சுட்டுப் பேசுங்க' என்று அறிவிப்பாளர் சொல்வதை 2005-இல் மின்னல் எஃப்எம் எனப் பெயர் பெற்ற தமிழ் வானொலி நிலையத்தின் நேயர் அறியாமல் இருக்க முடியாது. தன் குரல் வானொலிப் பெட்டியிலிருந்து பிந்தி வரக் கேட்டால் நேயர் பேச்சை மறந்து நின்றுவிடுகிறார். ஒலிபரப்பு இலக்கமயமான பிறகு, இணையம் வழி வரும் ஒலி சில விநாடிகள்கூடப் பிந்துகிறது.

கோயில் மைக் செட்

தோட்டத் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக் குழாய்களைக் கோயிலிலிருந்து லயத்து வரிசை வரை தென்னைகளிலும் கம்பங்களிலும் கட்டுவார்கள். இங்கே தாமதத்தை உண்டாக்குவது கருவியல்ல, காற்று. நம் நாட்டு வெப்பநிலையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்லும். கோயில் வாசலில் நின்று பாடுகிறவரின் குரல் கம்பி வழியாக 70 மீட்டர் தள்ளியுள்ள குழாய்க்கு உடனே போய்ச் சேர்ந்துவிடும். அக்குழாயிலிருந்து காற்றில் திரும்பி வர 200 மில்லி விநாடி ஆகும். மீண்டும் அதே எண். பாடகரின் காலடியில் அவர் பக்கம் திரும்பிய தனி ஒலிபெருக்கி வைப்பது இதற்காகத்தான். அருகிலுள்ள குரல் முந்திக்கொண்டு உரக்கக் கேட்பதால் தொலைவிலிருந்து வரும் எதிரொலி அமுங்கிவிடுகிறது.

கணினிக்குள் நுழைந்த குரல்

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை, வீட்டுக் கணினிக்குக் குரல் கொடுத்தது. தொடக்க கால அட்டைகளால் ஒரே நேரத்தில் பதியவும் ஒலிக்கவும் முடியவில்லை. பின்னர் அது முடிந்தபோது தாமதச் சிக்கல் தலைகாட்டியது.

கணினி ஒலியைத் தொடர்ச்சியாகக் கையாள்வதில்லை. விநாடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகளாக அதை நறுக்கி, ஒரு குறித்த எண்ணிக்கை தற்காலிகச் சேமிப்பிடத்தில் சேர்ந்த பிறகே செயலிக்கு அனுப்பும். அந்தச் சேமிப்பிடத்தின் அளவு 512 மாதிரி என்றால், 44,100 வீதத்தில் 11.6 மில்லி விநாடி. உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை. ஆக 23 மில்லி விநாடி. இதனுடன் இயங்குதளத்தின் ஒலிக்கலப்பும் அனலாக்-இலக்க மாற்றிச் சில்லுகளின் தாமதமும் சேரும். அளவை 64 ஆகக் குறைத்தால் ஒரு சேமிப்பிடத்துக்கு 1.5 மில்லி விநாடிதான். ஆனால் எளிய கணினி ஈடுகொடுக்க முடியாமல் ஒலி வெட்டி வெட்டி வரும். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் தந்த ஏசியோ முறை, இயங்குதளத்தின் ஒலிக்கலப்பைத் தாண்டிச் சென்று பாதையைச் சுருக்கியது.

இதே காலத்தில் பலர் அறியாமலே ஒரு நேர்வழியைக் கையில் வைத்திருந்தார்கள். 1997-இல் இன்டெல் வகுத்த ஏசி'97 சில்லில் ஒலிவாங்கியை நேராக ஒலிபெருக்கியோடு இணைக்கும் அனலாக் கலவை இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஒலியளவுச் சாளரத்தைத் திறந்து, ஒலிவாங்கிப் பத்தியின் கீழிருந்த 'மியூட்' குறியை எடுத்துவிட்டால் போதும். குரல் தாமதமின்றிக் கேட்டது. பிறகு வந்த விண்டோஸ் 7-இல் பலர் கையாண்டது 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்ற தேர்வு. அது மென்பொருள் வழியே குரலைச் சுற்றிக் கொண்டுவருவதால் தாமதம் தெளிவாகத் தெரிகிறது. சில கணினிகளில் பழைய வழி இன்னும் இருக்கிறது: ஒலிபெருக்கியின் பண்புகளில் 'லெவல்ஸ்' பகுதிக்குப் போனால் அங்கே ஒலிவாங்கிக்கென்று தனி அளவுக்கோல் இருக்கும். ஊமைக் குறியை நீக்கினால் குரல் வன்பொருள் வழியாகவே வரும். அந்த அளவுக்கோல் இல்லாத கணினியில் இந்த வழி இல்லை.

வீட்டு அறையில் பதிவு

யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு 2006-இல் வெளிவந்து மலேசியத் தமிழ் ராப் இசையைத் தமிழகம் வரை கொண்டு சென்றது. அதன் பிறகு வளர்ந்த தலைமுறைக்கு ஒலிப்பதிவு என்றாலே கணினிதான். யூஎஸ்பி ஒலி இடைமுகங்கள் மலிவானபோது, அவற்றின் முகப்பில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தானோ திருகியோ வந்தது. 2011-இல் வெளியான ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 அவற்றுள் பெயர் பெற்றது. அந்தப் பொத்தானைப் போட்டால் குரல் கணினிக்குள் போய் வரக் காத்திருப்பதில்லை. பெட்டிக்குள்ளேயே திரும்பி ஹெட்போனுக்கு வருகிறது. நாடாக் கருவியின் 'சோர்ஸ்' விசை செய்த வேலையும் இதுவேதான்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. பொத்தானையும் போட்டு, பதிவு மென்பொருளிலும் கேட்பைத் திறந்துவைத்தால் குரல் இரட்டையாகக் கேட்கும்; மென்பொருள் பக்கத்தை மூட வேண்டும். அடுத்து, நேர்வழி காதின் தாமதத்தை மட்டுமே போக்கும். பதிந்த தடம் சரியான இடத்தில் விழ, மென்பொருள் தாமதத்தைக் கணக்கிட்டு அதை முன்னே நகர்த்த வேண்டும். இடைமுகத்தின் வெளியீட்டை ஒரு கம்பியால் உள்ளீட்டோடு இணைத்து, ஒரு சொடுக்கொலியை ஒலிக்கவிட்டுப் பதிந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். உறுமி மேளம் போன்று அடி நெருங்கி விழும் இசைக்கு இந்தச் சோதனை இன்றியமையாதது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஹெட்செட் அணிந்து கணினி முன் பாடம் நடத்தினார்கள். காதை மூடிய ஹெட்செட்டில் தன் குரல் இயல்பாகக் கேட்காதபோது மனிதர் உரக்கப் பேசத் தொடங்குகிறார், தொண்டை கட்டுகிறது. பழைய தொலைபேசிப் பொறியாளர் விட்டுவைத்த சிறிதளவு குரலின் அருமை இங்கே புரியும். புளூடூத் ஹெட்போன்களோ பெரும்பாலும் 100 முதல் 200 மில்லி விநாடி வரை, சில நேரம் அதற்கு மேலும் பிந்துகின்றன. பாட்டுக் கேட்க அவை போதும். தன்னைத் தானே கேட்டுப் பாட உதவா.

முடிவுரை

தொலைபேசிச் சுற்று, வானொலி மேசை, நாடாக் கருவியின் விசை, பாடகர் காலடியிலுள்ள ஒலிபெருக்கி, ஏசி'97 சில்லு, இடைமுகத்தின் பொத்தான் ஆகிய ஆறும் ஒரே கொள்கையின் வடிவங்கள். கணினியை வேகப்படுத்தித் தாமதத்தைக் குறைக்கலாம், அதற்குச் செலவாகும். குரலை நேர்வழியில் காதுக்கு அனுப்பினால் தாமதமே எழாது. அதற்குப் பழைய கணினியும் ஒரு மலிவான இடைமுகமும் போதும். வசதி குறைந்த குடும்பங்கள் மிகுந்த இப்பகுதிக்கு இந்த முடிவு பெரிதும் பயன்படும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் கலைந்துவிட்டார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் பால்மரத்துப் பாட்டும் அறிந்த மூத்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் ஹெட்போனைத் தந்து, தாமதமாகத் திரும்பும் குரலைக் கேட்டபடி பாடச் சொன்னால் இரண்டாவது அடியிலேயே நிறுத்திவிடுவார்கள். பாட்டு மறந்துவிட்டதென்று நாம் தவறாக எண்ணிக்கொள்வோம். தமிழ்ப்பள்ளிகளும் ஆலய இளைஞர் அமைப்புகளும் இப்பதிவு வேலையைத் தள்ளிப் போடக் கூடாது. கம்பி உள்ள ஹெட்போனும் நேர்வழிப் பொத்தானும் கொண்டு இந்த ஆண்டே தொடங்குங்கள்.